காட்பாடியில் ஏழு நாற்பது

சுவரில் நான்கு பத்து.
திரையில் ஏழு நாற்பது.
நடுவில் கிடக்கிற மூன்றரை மணி நேரத்தை
முகம் கழுவிக் கடக்கிறேன்.

பீரோவையும் அதன்மேல் ஏற்றிய அட்டைப்பெட்டிகளையும்
நீலப் போர்வை போட்டு மறைத்தாயிற்று.
மின்விசிறியை நிறுத்தியாயிற்று, சத்தம் வரக்கூடாதாம்.
மே மாதம். நைட்டிக்கு மேலேயே
காலர் வைத்த வெள்ளைச் சட்டை.
“இன்னா டயானா, கொரியாவுக்குக் கெளம்பிட்டியா?”
புரண்டு படுக்கிறான் தம்பி.
தமயந்தி அவர்களுக்கு நீளமாம்;
கம்பெனி வெட்டித் தந்த பெயர் அது.

வேலைக்கு எடுத்தபோது இரண்டே விதி:
சிரித்துக்கொண்டே இரு.
எந்த ஊர் என்று சொல்லாதே.

சேபோமுக்கு ஆறு வயது.
மேல்வரிசையில் முன்பல் இரண்டும் இல்லை.
கடற்பாசி சுற்றிய சோற்றை
ஒரு கன்னத்தில் ஒதுக்கிவிட்டுப் பாடத்துக்கு வருவாள்.
பின்னால் அவள் அம்மா
ஒற்றைக் காலுறையின் ஜோடியைத் தேடி
குறுக்கும் நெடுக்கும் நடப்பாள்.

பஸ் படத்தைக் காட்டினேன்.
“பொஸு.”
வால் வேண்டாம் கண்ணு, பஸ்.
“பொஸு.”
பஸ்ஸு, புக்கு, பெஞ்சு, பல்பு என்று
எங்கள் தெருவே வாலோடுதான் திரிகிறது.
என் நாக்கிலிருந்து அதை நறுக்கி எடுக்க
சத்துவாச்சாரியில் ஒரு மாடி வகுப்பில்
மூவாயிரம் கட்டினேன், ரசீதுகூடத் தரவில்லை.

அப்புறம் அந்த ஃ.
எனக்கு இருபத்திரண்டு வயதில் வந்தது.
கீழுதட்டை மேல்பல்லால் கடி, காற்றை ஊது
என்று செய்து காட்டுகிறேன்.
பல் இருந்தால்தானே கடிப்பாள்?
வெறும் ஈறை உதட்டில் வைத்து
என்னையே பார்க்கிறாள்.

பதினேழாவது நிமிடம்
ஸ்டேஷன் ஒலிபெருக்கி எழுந்துவிட்டது.
எங்கள் ஜன்னலுக்கும் நடைமேடைக்கும் இடையே
ஒரு மதில், ஒரு சைக்கிள் ஸ்டாண்டு, அவ்வளவுதான்.
டிங் டாங். தமிழ். இந்தி.
மைக்கை நான் மூடுவதற்குள் ஆங்கிலம்.
சேபோம் மெல்வதை நிறுத்தினாள்.
“டீச்சர், ஹூ?”

என்னவென்று சொல்ல.
முகம் பார்த்ததில்லை, பெயரும் தெரியாது.
எனக்குத் தெரிந்து அவள்
ஒரு நாளும் தூங்கியதில்லை.
“ஃப்ரெண்ட்” என்றேன்.
“பெரெண்டு” என்றாள், மிகுந்த மரியாதையோடு.

மாதக் கடைசியில் கடிதம்: பின்னணி ஓசை,
இருநூற்றைம்பது ரூபாய் பிடித்தம்.
பழைய துண்டுகளை ஜன்னல் இடுக்கெல்லாம் திணித்தேன்.
இரண்டு வாரம் எந்த வண்டியும் வரவில்லை.
வியர்வையில் காலர் ஊறிக் கிடந்தது.
சேபோம் பாடத்துக்கு நடுவே
என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பாள்.
போர்வைதான் இருக்கும்.

இன்று திரை திறந்தபோது
அவள் நாற்காலிமேல் நின்றிருந்தாள்.
வாயருகே ஒரு கரண்டி.
டிங் டாங்.
“யுவர் அட்டென்ஷன் ப்ளீஸ்.”
வால் இல்லை.
நான்கைந்து எண்களை அவளே கோத்தாள்.
ரயில் எண்ணா, வீட்டுத் தொலைபேசியா, தெரியாது.
“வில் அரைவ் ஆன் பிளாட்…”
நின்றாள். உதட்டைக் கடித்தாள்.
ஈறில் குருணை அளவுக்கு வெள்ளையாய் ஏதோ.
“…ஃபார்ம் நம்பர் டூ.”
காற்று சரியாகப் பிரிந்தது.
கை தட்டப் போனேன், அவள் இன்னும் முடிக்கவில்லை.
“வெல்கம் டு கத்பாதி.”

நான் சொல்லவில்லை.
எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்கிறேன்,
நான் சொல்லவில்லை.

இருபத்தைந்து நிமிடம் ஆனதும்
திரை தானே மூடிக்கொண்டது.
ஐந்து நட்சத்திரத்துக்கு எத்தனை என்று பார்க்கவில்லை.
மின்விசிறியைப் போட்டு,
இடுக்கிலிருந்து ஒரு துண்டை உருவினேன்.
வெளியே அவள், இந்தமுறை தமிழில்,
யாருடைய சிரமத்துக்கோ வருந்திக்கொண்டிருந்தாள்.

“வந்துட்டியா?” என்றான் தம்பி, கண் திறக்காமல்.
“வந்துகினே கீறேன்.
வண்டி லேட்டு.”